தோன்றா எழுவாய்

1

எம்.ஏ. முடித்துவிட்டு உருப்படியான வேலை இல்லாமல் இருந்த ஒன்றரை வருஷம் ஒரு மாலை நாளிதழில் புரூஃப் பார்த்தேன். தமிழ் படித்தவனுக்குப் பத்திரிகை கொடுக்கிற இடம் அதுதான். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பதற்கு நாம், செய்தியைப் பார்ப்பதற்கு வேறு ஆட்கள். ஒருநாள் மத்தியானம் முதல் பக்கத் தலைப்பு என் மேசைக்கு வந்தது: 'காதலிக்க மறுத்த மாணவி குத்திகொலை'. சிவப்புப் பேனாவை எடுத்து நடுவில் ஒரு 'க்' போட்டேன். இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும். பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. செத்துப்போன அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது அவ்வளவுதான். அந்த 'க்' என்னுடையது.

பெண்கள்மீதான ஆண் வன்முறையைப் பற்றி நம் பத்திரிகைகளும் பொதுமக்களும் பேசுகிற மொழியைக் குறித்து ஏதாவது எழுத வேண்டுமென்று உட்கார்ந்தால் அந்தத் தலைப்புக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து சேர்கிறேன். அதைக் கட்டுடைத்துப் பார்க்கப் பெரிய கோட்பாடு எதுவும் வேண்டாம், பள்ளிக்கூட இலக்கணமே போதும்.

யார் குத்தியது? தலைப்பில் அவன் இல்லை. 'வந்தேன்' என்று சொன்னால் 'நான்' என்பது தோன்றா எழுவாய். வெளியே தெரியாவிட்டாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். 'குத்திக்கொலை'யில் அந்த விகுதிகூடக் கிடையாது. வினையைப் பெயராக்கி, ஆன் ஆள் எல்லாவற்றையும் உரித்துவிட்டார்கள். எழுவாய் மறைந்திருக்கிறது என்பதோடு நிற்கவில்லை, மறைந்திருப்பதற்கான தடயத்தையும் துடைத்தாயிற்று. மொத்தத் தலைப்பிலும் ஒரே ஒரு வினைக்குத்தான் செய்தவர் உண்டு. அது 'மறுத்த'. மறுத்தவள் அவள். ஆகத் தலைப்பு சொல்கிறபடி அன்றைக்கு ஊரில் ஏதோ செய்த ஒரே ஆள் அந்த மாணவிதான். 'மறுத்ததால்' என்று எழுதியிருந்தால் யாராவது ஒருத்தர் கேள்வி கேட்டிருப்பார். 'மறுத்த' என்ற பெயரெச்சம் சத்தமில்லாமல் காரணத்தைக் கொண்டுவந்து அவள் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது.

2

இந்த இலக்கணம் புதிதல்ல. எண்பதுகளின் நாளிதழ்களைப் புரட்டியவர்களுக்கு 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தி ஞாபகம் இருக்கும். அந்த வாக்கியத்தில் வினை செய்வது ஸ்டவ். மாமியார் வெடித்ததில்லை, மாமனார் வெடித்ததில்லை, புருஷன் கொளுத்திப் போட்டதில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷமான மருமகள் சமைக்கும்போது மட்டும் குறிபார்த்து வெடிக்கத் தெரிந்த ஸ்டவ் அது. 1983இல் 498ஏ பிரிவும் 1986இல் 304பி பிரிவும் வந்தன. கல்யாணமான ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தீயிலோ வேறு இயல்புக்கு மாறான வகையிலோ செத்து, சாவதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காக அவளைக் கொடுமைப்படுத்தியிருந்தால் அது வரதட்சணை மரணம் என்றும், அதற்குப் புருஷனும் அவன் வீட்டாரும் பொறுப்பு என்றும் சட்டம் எழுதியது. பத்திரிகை தொலைத்துவிட்டிருந்த எழுவாயைச் சட்டம் தேடிக் கண்டுபிடித்து வாக்கியத்துக்குள் வைக்க வேண்டியிருந்தது.

சட்டமும் தானாக யோக்கியமாகிவிடவில்லை. 1972இல் மகாராஷ்டிரத்தில் போலீஸ் நிலைய வளாகத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமியைக் காவலர்கள் வல்லுறவு செய்த வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்று அவள் உடம்பையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கினார்கள். 1979இல் உபேந்திர பக்ஷி, லதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் நீதிபதிகளுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983 திருத்தம் அதன் விளைவு. காவலில் நடக்கும் வல்லுறவு வழக்கில் தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை உண்மையென்று கொண்டுதான் தொடங்க வேண்டும் என்றானது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்ற 228ஏ பிரிவும் அப்போது வந்ததுதான்.

'கற்பழிப்பு' என்ற சொல்லையும் இப்படித்தான் விரட்ட வேண்டியிருந்தது. அழிந்தது அவளுடைய கற்பு, ஆகவே நஷ்டம் குடும்பத்துக்கு, சாதிக்கு என்று பொருள் தருகிற அந்தச் சொல்லை எதிர்த்துப் பெண்ணியவாதிகள் ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். இன்று பல பத்திரிகைகள் 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகின்றன. லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவி' என்று எழுதும்போது என்ன ஆகிறது? சொல் மாறிவிட்டது, வாக்கியம் அப்படியே இருக்கிறது. ஆளானவள் இருக்கிறாள், ஆளாக்கியவன் இன்னும் வரவில்லை.

3

பத்திரிகைக்காரர்களை மட்டும் திட்டினால் போதாது. அவர்களுடைய மூலப்பிரதி எங்கே எழுதப்படுகிறது? காவல் நிலையத்தில். குற்றச்செய்தி நிருபருக்குக் கிடைப்பது இன்ஸ்பெக்டர் சொல்வதும், முதல் தகவல் அறிக்கையும், பிடிபட்டவன் சொன்னதாகப் போலீஸ் சொல்வதும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி தாக்கப்பட்டபோது முதல் தகவல் அறிக்கை அவர் அடையாளத்தோடு வெளியே கசிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் கசிவை மட்டும் கண்டிக்கவில்லை. அறிக்கை எழுதப்பட்ட மொழியே பாதிக்கப்பட்டவர்மேல் பழி போடுவதாக இருக்கிறது என்றது. பத்திரிகைக்குப் போவதற்கு முன்பே, ஸ்டேஷன் எழுத்தர் கையிலேயே அந்த வாக்கியம் ஆரம்பமாகிவிடுகிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷாவருஷம் கொலைகளுக்கான நோக்கங்களைப் பட்டியல் போடுகிறது. அதில் 'காதல் விவகாரம்' ஒரு பத்தி, 'கள்ள உறவு' இன்னொரு பத்தி. 'அவள் வேண்டாம் என்று சொன்னதை அவன் ஏற்கவில்லை' என்று ஒரு பத்தி கிடையாது. காதல் கொலை செய்யும் என்பதை அரசாங்கமே புள்ளிவிவரமாக்கி வைத்திருக்கும்போது சப்-எடிட்டரை என்ன சொல்ல?

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 'பரபரப்பு வாக்குமூலம்'. கொலை நடந்த மறுநாள் பத்திரிகையில் வரும். 'என்னைக் காதலித்து ஏமாற்றினாள்', 'வேறொருவனோடு பேசினாள்', 'ஆத்திரத்தில் குத்திவிட்டேன்'. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் 23ஆம் பிரிவாக அது தொடர்கிறது. அடித்துக்கூட வாங்கியிருக்கலாம் என்பதால் நீதிமன்றம் வாங்க மறுக்கிற அந்தப் பேச்சைப் பத்திரிகை வாங்கி முதல் பக்கத்தில் போடுகிறது. தீர்ப்புக்கு முன்பு 'கொன்றான்' என்று எழுதக் கூடாது, அது அவன் உரிமை என்று டெஸ்க்கில் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். சரியான வாதம், நானும் ஏற்கிறேன். ஆனால் 'காதலிக்க மறுத்த', 'கள்ளக்காதல்', 'நெருங்கிப் பழகி வந்த' என்பவை எந்த நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டவை? அவன் விஷயத்தில் இருக்கிற ஜாக்கிரதை அவள் விஷயத்தில் ஏன் இல்லை? அவன் கோர்ட்டுக்குப் போகலாம். அவள் செத்துப்போய்விட்டாள், மானநஷ்ட வழக்குப் போட வரமாட்டாள் என்ற தைரியம்தானே?

4

2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில், வேலைக்குப் போக நின்ற ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். உடல் இரண்டு மணிநேரம்போல் அங்கேயே கிடந்தது. அடுத்த சில நாள்கள் டீக்கடையிலும் பஸ்ஸிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் கேட்ட கேள்விகளை யோசித்துப் பாருங்கள். 'யாரோட பேசிட்டிருந்தாளாம்?' 'முன்னாடியே தெரிஞ்சவனாமே?' 'வீட்ல ஏன் சொல்லலை?' கைதான இளைஞர் அதே வருஷம் செப்டம்பரில் புழல் சிறையில் இறந்துபோனார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. எந்தக் கேள்விக்கும் சாட்சியத்தின் வழியாகப் பதில் வராத அந்த வழக்கில் ஊர் மட்டும் எல்லாப் பதிலையும் வைத்திருந்தது.

2017 ஜனவரியில் அரியலூர் மாவட்டத்தில் 17 வயது தலித் பெண் ஒருத்தியின் உடல் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்துக்குக் கிடைத்த கேமரா வெளிச்சத்தில் எத்தனையில் ஒரு பங்கு அங்கே போனது? நகரம், படிப்பு, வேலை, சாதி எல்லாம் சேர்ந்துதான் யாருடைய சாவு தலைப்பாகும், யாருடையது ஏழாம் பக்கத்தில் நாலு வரியாகும் என்று முடிவு செய்கின்றன. தலைப்பில் வருகிறவளுக்கு எழுவாய் காணாமல் போகிறது. நாலு வரிக்குள் வருகிறவளுக்கு வாக்கியமே கிடைப்பதில்லை.

சரி, எழுவாய் எப்போதாவது தோன்றுகிறதா? தோன்றுகிறது. 'காமக்கொடூரன்', 'மனித மிருகம்', 'சைக்கோ' என்று தோன்றுகிறது. மனிதனாகத் தோன்றுவதில்லை, அதுதான் விஷயம். 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே வல்லுறவு, கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது காவலர்கள்மேல் பூத்தூவினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். நம்முடைய முற்போக்கு நண்பர்கள் சிலரும் உள்ளூர சந்தோஷப்பட்டது எனக்குத் தெரியும். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. எழுவாயை மறைப்பதும் எழுவாயை மிருகமாக்கிச் சுடுவதும் எதிரெதிர் காரியங்கள்போலத் தெரியலாம். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. செய்தவன் நம்மில் ஒருத்தன் இல்லை என்று நம்மைத் தேற்றுகின்றன.

நம்மில் ஒருத்தன்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, திருமணமான, 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 29 சதவீதம் பேர் கணவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார்கள். அத்தனை மிருகங்களையும் எந்தக் காட்டுக்கு அனுப்புவது? அதே கணக்கெடுப்பு, மனைவியை அடிப்பது எப்போதெல்லாம் சரி என்று ஏழு காரணங்களைச் சொல்லிக் கேட்டது. சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், படுக்க மறுத்தால், சரியாகச் சமைக்காவிட்டால், நடத்தையில் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால். ஏதாவது ஒன்றுக்காவது அடிக்கலாம் என்றவர்கள் பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 44 சதவீதம். அந்த ஏழையும் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். சமைக்காத, எதிர்த்துப் பேசிய, மறுத்த. எல்லாம் அவள் செய்ததாக வரும் எச்சங்கள், தலைப்புக்குப் பொருத்தமானவை. பத்திரிகையின் இலக்கணமும் வீட்டின் இலக்கணமும் ஒன்று. பெண்களும் அதையே பேசுகிறார்கள் என்றால் அது அவர்கள் குற்றமில்லை. பேசக் கிடைத்த மொழி அதுதான்.

5

இனி 'ஒருதலைக் காதல்'. தமிழ் எம்.ஏ. என்பதால் இதைச் சும்மா விட முடியவில்லை.

தொல்காப்பியம் ஏழு திணை சொல்கிறது. நடுவிலுள்ள ஐந்துதான் அன்பின் ஐந்திணை. ஒருபக்கத்து விருப்பமான கைக்கிளை முன்னாலும் பொருந்தாக் காமமான பெருந்திணை பின்னாலும் அந்த ஐந்துக்கு வெளியே நிற்கின்றன. பதில் எதுவும் பெறாதவன் தானாகச் சொல்லிச் சொல்லித் தானே மகிழ்வது கைக்கிளை. காமம் மிகுந்து வலிமை காட்டுவதைப் பெருந்திணையில் தள்ளிவிட்டார்கள். இலக்கணக்காரன் அன்புக்கு வெளியே வைத்ததைச் சப்-எடிட்டர் 'ஒருதலைக் காதல்' என்று பெயரிட்டுக் காதலுக்குள் கொண்டுவருகிறான். 1991இல் வந்த 'குணா'வில் கடத்திக்கொண்டு போகப்பட்டவளே கடத்தியவனைக் கடைசியில் காதலிக்கிறாள். விடாமல் பின்னால் போனால் மனம் மாறுவாள் என்று இரண்டு மூன்று தலைமுறை சினிமா பாடம் நடத்தியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா பழந்தமிழர் எவ்வளவு நாகரிகம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அதே பெருந்திணையில்தான் மடலேறுதலும் இருக்கிறது. கிடைக்காத பெண்ணின் உருவத்தைத் துணியில் எழுதி எடுத்துக்கொண்டு, பனைமடல் குதிரைமேல் ஏறி நடுத்தெருவுக்கு வருகிறான். தன்னை வருத்திக்கொள்கிறான் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ஊர் கூடுகிறது, அவள் யாரென்று தெரிந்துவிடுகிறது. நெய்தற்கலியில் ஒரு பாட்டு, பாண்டியனுக்குப் பகைவர் திறை கொடுப்பதுபோல் அவள் சுற்றத்தார் அவளைக் கொடுத்தார்கள் என்று முடிகிறது. திறை! தோற்றவன் கொடுப்பது. அவள் என்ன சொன்னாள்? அவளிடம் கேட்டதாக அந்த முடிவில் இல்லை. பெண்ணின் படத்தையும் பேரையும் தெருவுக்குக் கொண்டுவந்து பணியவைக்கிற காரியம் செல்போனோடு பிறந்ததல்ல.

2019இல் பொள்ளாச்சியில் நடந்தது இதுதான். படம் பிடித்து மிரட்டினார்கள். ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர்கள் முன்னால் அவர் பேரைச் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பேர் இருந்தது. 228ஏ வந்து 36 வருஷம் கழித்து அரசாங்கமே மடலேறியது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்கப்புறமும் அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்கள் பேர் வெளியே வராமல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. முகத்தையும் பேரையும் தெருவுக்கு இழுக்காமல் இருந்தால் பெண்கள் பேசுவார்கள், பேசியது எடுபடும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

நான் சொல்லவந்தது இதுதான். ஒருதலையாக இருப்பது காதல் அல்ல, செய்தி. பதில் பெறாதவன் தானே பேசிக்கொண்டிருப்பது கைக்கிளை என்றால் 'பரபரப்பு வாக்குமூலம்' முழுக்க முழுக்கக் கைக்கிளை. அவன் பேசுகிறான், போலீஸ் அதைச் சொல்கிறது, பத்திரிகை அச்சடிக்கிறது, நாம் டீக்கடையில் திருப்பிச் சொல்கிறோம். அவள் தரப்பு இல்லவே இல்லை. உயிரோடிருந்தபோது அவள் சொன்ன ஒரே ஒரு வார்த்தை 'மாட்டேன்'. அதையும் பெயரெச்சமாக்கி அவளுக்கு எதிராகத் திருப்பிவிட்டோம்.

6

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வது யோக்கியமில்லை. எம்.ஏ. முதல் வருஷம், மூன்று மாதம், ஒரு பெண்ணுக்குப் பின்னால் கல்லூரியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை தினமும் நடந்தேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்றுதான் நம்பினேன். 'ஒருதலைக் காதல்டா, பாவம்' என்பார்கள் நண்பர்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள். ஒருநாளிலிருந்து அந்தப் பெண் அந்த பஸ்ஸில் வரவில்லை. காலையில் ஒரு மணிநேரம் முன்பே கிளம்பி ஊரைச் சுற்றி வருகிற பஸ்ஸில் வருவதாகக் கேள்விப்பட்டேன். எனக்குத் துக்கமாக இருந்தது, கவிதைகூட எழுதினேன். அந்த வருஷப் பரீட்சையில் கைக்கிளையைப் பற்றி நாலு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். தினமும் ஒரு மணிநேரம் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான் என்பது பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. பின்தொடர்தல் 2013 சட்டத் திருத்தத்தில் 354டி என்று தனிக் குற்றமானபோது அந்தப் பிரிவை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். விலகிப் போகிறவளை விடாமல் பின்தொடர்வது என்று அதில் இருந்தது. காதல் என்ற சொல் இல்லை.

அவள் அந்த மூன்று மாதத்தை என்னவென்று சொல்வாள்? அவள் வாக்கியத்தில் எழுவாய் நானாகத்தான் இருப்பேன், 'ஒருத்தன் பின்னாலயே வந்தான்' என்று. அவ்வளவு எளிய வாக்கியம் அது. நம் பத்திரிகைகளுக்கு எழுத வராத வாக்கியமும் அதுதான்.

எழுதுகிற நண்பர்களுக்கு ஒன்று. நாளிதழ்களைக் கிண்டலடிப்பது நமக்குச் சுலபம். நம் சிறுபத்திரிகைக் கதைகளில் அடிபடுகிற பெண்கள் எந்த வாக்கியத்தில் அடிபடுகிறார்கள்? 'அன்றைக்கும் அவளுக்கு அடி விழுந்தது' என்று எழுதியிருப்போம். அடி எங்கிருந்து விழுந்தது, மேகத்திலிருந்தா? ஆணின் தனிமை, ஆணின் உடைவு, ஆணின் காமத்தின் இருட்டு என்று முப்பது பக்கம் போகிற கதையில் அவளுக்கு எத்தனை வரி? அதுவும் வாக்குமூலம்தான், கொஞ்சம் நல்ல தமிழில்.

'பின்தொடர்ந்தவர் மாணவியைக் குத்தியதாகப் புகார், கைது.' நான் புரூஃப் பார்த்த அந்தத் தலைப்பை இப்படி எழுதியிருக்கலாம். கூட ஒரு சொல், கொஞ்சம் சின்ன எழுத்தில் போட்டால் அதே இடத்துக்குள் நிற்கும். பின்தொடர்ந்ததைப் பார்த்தவர்கள் அன்றைக்கு இருந்தார்கள், உள்செய்தியில் கடைசிப் பத்தியில் அது இருந்தது. ஒற்று மட்டும் பார்க்கிறவன் என்பதால் அந்தப் பத்தியிலும் நான் ஒற்று மட்டும்தான் பார்த்தேன்.